விதைப்பை நீலமானால் வயிற்றை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள்?

கேள்வி: தங்கைக்கு முதல் பிரசவம். 3.9 கிலோ ஆண் குழந்தை. வாக்குவம் (தலையில் பொருத்தும் உறிஞ்சு கருவி) வைத்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் வலது பக்க விதைப்பை நீலம் பாரித்து வீங்கிவிட்டது. விதை முறுக்கிக்கொண்டதோ என்று ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தவர்கள், ஸ்கேன் பார்த்துவிட்டு "வலது அட்ரீனல் சுரப்பியில் ரத்தக்கசிவு" என்கிறார்கள். ரிப்போர்ட்டில் அளவு 4.2 × 3.1 × 2.8 செ.மீ. மஞ்சள் காமாலையும் இறங்கவில்லை. வீக்கம் கீழே இருக்க, நோய் மேலே என்கிறார்களே, இது சரிதானா? புற்றுநோய்க் கட்டியாக இருக்குமா? ஆபரேஷன் வேண்டியிருக்குமா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், தாய்மாமனாக உங்களுக்கு அதுதான் இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டியிருக்காது. இந்த ரத்தம் தானாகவே கரைந்து போகும். விதைப்பையைத் திறப்பதற்கு முன்னால் வயிற்றிலும் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார்களே, அது சரியான வேலை. அந்த ஐந்து நிமிடம் உங்கள் மருமகனை மயக்க ஊசியிலிருந்தும் கத்தியிலிருந்தும் காப்பாற்றியிருக்கிறது. பச்சிளங்குழந்தைகள் பிரிவிலேயே என் வேலைக்காலம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஐந்து நிமிடம் கிடைக்காத குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிறந்த குழந்தைக்கு அட்ரீனல் சுரப்பி எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தமிழில் அண்ணீரகம் என்று எழுதுவார்கள். இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி போட்டதுபோல உட்கார்ந்திருக்கும். வளர்ந்த ஆளுக்கு ஒவ்வொரு சுரப்பியும் நாலைந்து கிராம் இருக்கும். பிறந்த குழந்தைக்கும் ஏறக்குறைய அதே நாலைந்து கிராம்தான். அறுபது கிலோ உடம்புக்குப் போதுமான சுரப்பி, மூன்று கிலோ உடம்புக்குள் இருக்கிறது. பக்கத்திலுள்ள சிறுநீரகத்தில் மூன்றில் ஒரு பங்கு பருமன். ஏன் இவ்வளவு பெரிதாக வளர்கிறது என்றால், கர்ப்ப காலத்தில் அதற்கு ஒரு தனி வேலை உண்டு. நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தயாரிப்பதற்கான மூலப்பொருளை இந்தச் சுரப்பிதான் அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கென்றே வளர்ந்த உட்பகுதி, பிறந்த நாளோடு வேலை முடிந்து சுருங்க ஆரம்பிக்கும். சில வாரங்களில் சுரப்பியே பாதியாகிவிடும். ஆக, பிரசவ நேரத்தில் அது நிறைய ரத்தம் ஓடுகிற, சுருங்கும் தறுவாயில் இருக்கிற, மிக மென்மையான ஓர் உறுப்பு.

ரத்தம் வந்து போகிற வழியையும் பாருங்கள். உள்ளே கொண்டுவர மூன்று தமனிகள், அவை ஐம்பது அறுபது நுண்கிளைகளாகப் பிரிந்து சுரப்பிக்குள் நுழைகின்றன. வெளியே போக ஒரே ஒரு சிரை. ஊர் ஏரிக்கு ஐம்பது வரத்து வாய்க்கால் இருந்து, தண்ணீர் வெளியேற ஒற்றை மதகு மட்டும் இருந்தால் எப்படியோ அப்படித்தான். மதகுப் பக்கம் கொஞ்சம் அடைத்தாலோ, எதிர்த்து அழுத்தம் வந்தாலோ கரை தாங்காது. வலது பக்கத்து மதகு இன்னும் மோசமான இடத்தில் இருக்கிறது. இடது அட்ரீனல் சிரை சிறுநீரகச் சிரையில் சேர்ந்து, சுற்றிப் போய்த்தான், இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெருஞ்சிரையை அடையும். வலது சிரை குட்டையானது, நேராகப் பெருஞ்சிரையில் திறக்கும். பிரசவத்தில் குழந்தையின் வயிறு நசுங்கும்போது பெருஞ்சிரையில் ஏறுகிற அழுத்தம் அப்படியே திரும்பி வலது சுரப்பிக்குள் பாய்ந்துவிடும். போதாததற்கு அந்தச் சுரப்பி கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ரத்தக்கசிவு பத்தில் ஏழு குழந்தைகளுக்கு வலது பக்கமாகவே வருவது இதனால்தான். இரண்டு பக்கமும் வருவது பத்தில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு.

நீங்கள் நினைப்பதுபோல இது லட்சத்தில் ஒன்று கிடையாது. ஆயிரம் குழந்தைகளில் இரண்டு பேருக்கு வருகிறது என்று கணக்கு. பல குழந்தைகளுக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் வந்து, யாருக்கும் தெரியாமலே ஆறியும் விடும். எடை அதிகமான குழந்தை, சர்க்கரை நோய் உள்ள தாயின் குழந்தை, இழுத்துக்கொண்டே போன பிரசவம், தோள் மாட்டிக்கொண்ட பிரசவம், பிறந்தவுடன் மூச்சுத் திணறிய குழந்தை, ரத்தத்தில் கிருமி பரவிய குழந்தை, ரத்தம் உறைவதில் கோளாறு உள்ள குழந்தை — இவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம். உங்கள் மருமகன் 3.9 கிலோ, அதுவும் ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை. இந்தப் பட்டியலில் அவன் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

சரி, மேலே கசிந்த ரத்தம் கீழே எப்படி வந்தது?

கருவில் ஆண் குழந்தையின் விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறகுதான் கீழே இறங்குகின்றன. இறங்கும்போது வயிற்றின் உள் சவ்வையும் ஒரு வால்போல இழுத்துக்கொண்டு வருகின்றன. அந்த வால் ஒரு குழாய். வயிற்றையும் விதைப்பையையும் இணைப்பது. பிற்பாடு மூடிக்கொள்ளும். ஆனால் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது இன்னும் திறந்துதான் இருக்கும். சுரப்பியின் உறை கிழிந்து ரத்தம் வயிற்றறைக்குள் வந்தால், அந்தக் குழாய் வழியாக விதைப்பைக்குள் இறங்கிவிடும். இன்னொரு பாதையும் உண்டு. வயிற்றறைக்குப் பின்னால், முதுகுத் தசையை ஒட்டி, விதைக்குப் போகும் ரத்தக் குழாய்களோடு சேர்ந்தே மெல்ல ஊறி இறங்கி, கவட்டுக்கு வந்து, விதைப்பைத் தோலுக்கடியில் தேங்கும். இப்படி ஊறி வர நேரம் பிடிக்கும். பிறந்த அன்று சாதாரணமாக இருந்த இடம் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் நீலமாகத் தெரிவது அதனால்தான். கூரையில் ஒழுகும் தண்ணீர் சுவரின் அடியில் ஈரமாகத் தெரியும்போது யாரும் அடிச்சுவரை இடித்துப் பார்ப்பதில்லை அல்லவா?

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் விதைப்பை நீலமாகி வீங்கினால், ஒவ்வொரு மருத்துவரும் முதலில் பயப்பட வேண்டியது விதை முறுக்கத்துக்குத்தான். அவர்கள் ஆபரேஷனுக்குத் தயாரானதை நான் குறை சொல்லமாட்டேன். முறுக்கிக்கொண்ட விதை சில மணி நேரத்தில் செத்துவிடும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லக்கூடிய விஷயமே அல்ல. பிரித்தறிய உதவுகிற சில விஷயங்கள் உண்டு. முறுக்கிய விதை கல்போல இறுகி, பெரிதாகி, மேலே இழுத்துக்கொண்டு நிற்கும். ரத்தம் தேங்கிய பையில் வீக்கம் பொதுவாக மெத்தென்று இருக்கும். பொறுமையாகத் தடவினால் உள்ளே விதை சாதாரண அளவில் கைக்குத் தட்டுப்படும். டாப்ளர் ஸ்கேனில் அதன் ரத்த ஓட்டம் தெரியும். ஆனால் இவ்வளவு சின்ன விதையில் டாப்ளர் ஏமாற்றவும் செய்யும். ஓட்டம் இருந்தும் தெரியாமல் போகலாம். அதனால்தான் நான் என் ஜூனியர்களிடம் சொல்வது: விதைப்பைக்குக் கேட்கும் ஸ்கேன் சீட்டிலேயே "வயிறும் சேர்த்து" என்று எழுதிவிடுங்கள். ஒரே கருவி, ஒரே ஜெல், ஒரே குழந்தை. நேரமும் வீணாகாது. இரண்டையும் பார்த்த பிறகும் முறுக்கம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், திறந்து பார்ப்பதுதான் நியாயம்.

விதைப்பை வீக்கத்துக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன: நீர் கோத்தல், குடல் இறக்கம், கால் முதலில் வந்த பிரசவத்தில் பட்ட அடி, கருவிலேயே குடல் ஓட்டையாகி மலம் கசிந்தது. கல்லீரலின் உறைக்கடியில் ரத்தம் கசிந்தாலும் இதே வழியாக இறங்கி இதே தோற்றத்தைக் கொடுக்கும். ஆகவே வயிற்று ஸ்கேன் என்றால் அட்ரீனலோடு நிறுத்தக் கூடாது. கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

பெண் குழந்தைகளுக்கும் இதே போன்ற நீலம் பிறப்புறுப்பின் உதட்டில் வருவதுண்டு. சில குழந்தைகளுக்கு விதைப்பை வரை இறங்காமல் கவட்டு மடிப்பிலேயே கன்றிப்போனதுபோல ஒரு திட்டு தெரியும். இதற்கு ஸ்டேப்ளர் (Stabler) அடையாளம் என்று மருத்துவத்தில் பெயரே இருக்கிறது. சிலருக்கு விலாவுக்குக் கீழே, சிலருக்குத் தொப்புளைச் சுற்றி. நம் வீடுகளில் இதைப் பார்த்தால் "செவ்வாப்பு" என்று சொல்லி நாட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பாட்டிமார்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குழந்தையின் தோலை அவர்கள் அளவுக்கு உற்றுப் பார்ப்பவர்கள் யாரும் கிடையாது. நீலத் திட்டை முதலில் கண்டுபிடிப்பதும் குளிப்பாட்டுகிற அவர்கள்தான். கண்டுபிடித்த பிறகு மருந்து உரசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் போதும்.

இப்போது மஞ்சள் காமாலைக்கு வருகிறேன். இந்த நோயில் அதிகம் தவறவிடப்படும் அறிகுறி அதுதான். நானே தவறவிட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு குழந்தை, ஆறாவது நாள் மஞ்சளோடு வந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே ரத்த வகை. தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்த அணுக்களைத் தாக்குகிறதா என்று பார்க்கும் கூம்ஸ் பரிசோதனை நெகட்டிவ். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறது. நீல விளக்கில் வைத்தோம், இறங்கியது. விளக்கை எடுத்தோம், மறுநாளே ஏறியது. மறுபடியும் விளக்கு, மறுபடியும் ஏற்றம். நான்கு நாள் இப்படியே போனது. குழந்தை கொஞ்சம் வெளுத்திருக்கிறதே என்று ஒரு நர்ஸ் சொன்னார். மஞ்சளுக்கடியில் வெளுப்பு தெரியாது, அவர் உள்ளங்காலைப் பார்த்துச் சொன்னார். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 17-லிருந்து 11-க்கு இறங்கியிருக்கிறது. அப்புறம்தான் வயிற்றில் ஸ்கேன். வலது அட்ரீனல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ரத்தக்கட்டி. அந்தக் குழந்தை நன்றாகத் தேறிப் போனது. ஆனாலும் அந்த நான்கு நாளை நான் மறக்கவில்லை.

ஏன் மஞ்சள் ஏறுகிறது என்பதை உங்கள் ரிப்போர்ட்டை வைத்தே கணக்குப் போடலாம். மூன்று அளவுகளையும் பெருக்கி, அதை 0.52-ஆல் பெருக்கினால் கட்டியின் கொள்ளளவு தோராயமாகக் கிடைக்கும். 4.2, 3.1, 2.8 என்றால் சுமார் 19 மில்லி. 20 என்றே வைத்துக்கொள்வோம். மருந்து ஊற்றும் சங்கில் ஒன்றிரண்டு சங்கு. கேட்டால் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் 3.9 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 320 மில்லி சுற்றித்தான். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 17 கிராம் ஹீமோகுளோபின் என்று கொண்டால், 20 மில்லியில் 3.4 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் உடைந்தால், தோலை மஞ்சளாக்கும் பொருளான பிலிரூபின் 35 மில்லிகிராம் வரும். ஆக அந்தக் கட்டியிலிருந்து மட்டும் ஏறத்தாழ 120 மில்லிகிராம். இந்த எடையுள்ள குழந்தை ஒரு நாளில் இயல்பாகத் தயாரிக்கும் பிலிரூபின் முப்பது சொச்சம் மில்லிகிராம்தான். அதாவது, பிறந்த வாரத்திலேயே திணறிக்கொண்டிருக்கும் கல்லீரலின் தலையில் மூன்றரை நாள் சுமையைக் கூடுதலாக ஏற்றியாகிவிட்டது. விதைப்பையில் தேங்கியது தனி. அது ஒரே நாளில் வராது. கட்டி கரையக் கரைய வரும். அதனால்தான் விளக்கை எடுத்ததும் மறுபடி ஏறுகிறது. உங்கள் மருமகனுக்கு மஞ்சள் இறங்கத் தாமதமாவதற்கு இது போதுமான காரணம். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மருத்துவமனை விளக்கும், நேரத்துக்கு ரத்தப் பரிசோதனையும்தான் வேண்டும்.

வாக்குவம் வைத்த குழந்தை வெளுத்துப்போனால் எல்லோரும் தலையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். அது சரிதான், தலைத்தோலுக்கடியில் நிறைய ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் தலையில் ஒன்றும் இல்லை என்றதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது, அடுத்தது வயிறு.

வேறு வேடங்களிலும் இது வரும். கட்டி முன்சிறுகுடலை அழுத்தினால் குழந்தை வாந்தி எடுக்கும். குடல் அடைப்பு என்று நினைத்துத் தேடிப் போவார்கள். சில குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் ஏறும். இடது பக்கக் கசிவாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இடது அட்ரீனல் சிரை சிறுநீரகச் சிரையில் சேர்வதால், இரண்டிலும் சேர்ந்தே ரத்தம் உறைந்துபோவது உண்டு. அப்போது சிறுநீர் சிவப்பாகப் போகும், தட்டணுக்கள் குறையும், சிறுநீரகம் வீங்கும். அரிதாக, ஆறிக்கொண்டிருக்கும் ரத்தக்கட்டிக்குள் கிருமி புகுந்து சீழ்க்கட்டியாகும். இரண்டு மூன்று வாரம் நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சலும் வயிற்று வீக்கமும் வந்தால் இதை நினைக்க வேண்டும். உறை முழுதாகக் கிழிந்து வயிற்றுக்குள் வேகமாக ரத்தம் கொட்டினால் சில மணி நேரத்திலேயே குழந்தை துவண்டு, சில்லிட்டு, அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். இது மிக அரிது. உங்கள் மருமகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான் என்றே நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது.

இணையத்தில் தேடியிருப்பீர்கள். அட்ரீனல் ரத்தக்கசிவு என்று போட்டாலே வாட்டர்ஹவுஸ்–ஃப்ரீடரிக்சன் என்ற பெயரும், பிழைப்பது கடினம் என்ற வரியும் வந்து பயமுறுத்தும். அது வேறு விஷயம். இங்கிலாந்து மருத்துவர் ரூப்பர்ட் வாட்டர்ஹவுஸ் 1911-லும், டென்மார்க் மருத்துவர் கார்ல் ஃப்ரீடரிக்சன் 1918-லும் விவரித்த அந்த நோய், ரத்தத்தில் கடும் கிருமித் தொற்று பரவி, அதன் விளைவாக இரண்டு சுரப்பிகளிலும் ரத்தம் கசிவது. அங்கே உயிரை எடுப்பது கிருமி. பிரசவ அழுத்தத்தால் ஒரு பக்கம் கசிந்த உங்கள் குழந்தையின் நிலைமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சுரப்பி கெட்டுவிட்டால் ஹார்மோன் குறையாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். கார்ட்டிசாலும் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனும் குறைந்தால் ஆபத்துதான். ஆனால் இயற்கை இங்கே தாராளமாகக் கொடுத்திருக்கிறது. இரண்டு சுரப்பிகளையும் சேர்த்துப் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தால்தான் பற்றாக்குறை வெளியே தெரியும். ஒரு பக்கம் முழுதாகவே போனாலும் மறுபக்கம் தாங்கிக்கொள்ளும். எனவே இடது சுரப்பி எப்படி இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். "இடது அட்ரீனல் இயல்பு" என்ற ஒரு வரி இருந்தால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும். இரண்டு பக்கமும் கசிந்திருந்தால் கதை வேறு. சர்க்கரை இறங்கும், வலிப்பு வரலாம், மூச்சு நின்று நின்று வரலாம், சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறும், ரத்த அழுத்தம் விழும். இதெல்லாம் முதல் வாரத்திலேயே வர வேண்டும் என்பதில்லை, சில வாரம் கழித்து "எடையே ஏறவில்லை, எப்போதும் தூங்குகிறான்" என்ற அளவில் மெதுவாகவும் வரும். அந்தக் குழந்தைகளுக்கு ஹார்மோன் பரிசோதனை செய்து, கார்ட்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்து கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றாலும் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், ரத்த அழுத்தம் நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம்.

புற்றுநோய்க் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அது நியாயமான கேள்வி, மருத்துவர்களும் அதைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். பிறந்த குழந்தையின் அட்ரீனலில் வரக்கூடிய கட்டி நியூரோபிளாஸ்டோமா. அது ஸ்கேனில் திடமாகத் தெரியலாம், நீர்க்கட்டிபோலவும் தெரியலாம், அதற்குள்ளேயே ரத்தமும் கசியலாம். ஆக முதல் நாள் படத்தை மட்டும் வைத்து யாராலும் சத்தியம் செய்ய முடியாது. காலம்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும். ரத்தக்கட்டி முதலில் ஸ்கேனில் வெளுப்பாக, கெட்டியாகத் தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் நடுவில் கரைந்து கறுப்பாகும். பிறகு சுருங்கிக்கொண்டே போகும். ஓரத்தில் சுண்ணாம்பு படியும். டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் இருக்காது. புற்றுக்கட்டிக்கு உள்ளே பொதுவாக ரத்த ஓட்டம் இருக்கும், அது இவ்வளவு சீக்கிரம் இப்படிக் கரைந்து சுருங்குவது வழக்கமில்லை. சந்தேகம் தீராவிட்டால் இந்தப் புற்றுக்கட்டி இருந்தால் சிறுநீரில் கூடுகிற வி.எம்.ஏ., எச்.வி.ஏ. என்ற இரண்டு பொருட்களின் அளவைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. உங்கள் குழந்தைக்குப் பெரிய எடை, ஆயுதப் பிரசவம், இறங்காத மஞ்சள், விதைப்பை வரை வந்த ரத்தம் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றன. என் கணிப்பு ரத்தக்கசிவுதான். அதை உறுதிப்படுத்த வேண்டியது அடுத்தடுத்த ஸ்கேன்கள்.

ஒருவேளை கட்டியாகவே இருந்தாலும், இந்த வயதில் அதன் குணம் வேறு. அமெரிக்காவின் குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக் குழு 2012-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட, சின்ன அட்ரீனல் கட்டி உள்ள குழந்தைகளை உடனே அறுக்காமல் ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையுமாகக் கண்காணித்தார்கள். ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது எல்லாக் குழந்தைகளும் உயிரோடு இருந்தார்கள். ஆகவே இரண்டு வாரம் காத்திருந்து மறு ஸ்கேன் எடுக்கச் சொன்னால், காலம் தாழ்த்துகிறார்களே என்று பதற வேண்டாம். இந்த வயதில் காத்திருந்து பார்ப்பதே ஒரு வைத்தியம்தான்.

சிகிச்சை என்று பார்த்தால் சொல்ல அதிகம் இல்லை. மஞ்சளுக்கு விளக்கு. ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கினால் ரத்தம் ஏற்றுவார்கள். ரத்தம் உறையும் நேரத்தையும் தட்டணுக்களையும் பார்ப்பார்கள். பிறந்தவுடன் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தேடிப் பாருங்கள். பதிவு இல்லை என்றால் இன்றே கேளுங்கள். நிற்காத ரத்தப்போக்கு, சீழ்க்கட்டி, சந்தேகம் தீராத கட்டி, இந்த மூன்றுக்கு மட்டும்தான் கத்தி. விதைப்பையின் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். அதைக் குத்தி எடுக்கவோ, ஒத்தடம் கொடுக்கவோ வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போன பிறகு இரண்டு விஷயம். குளிப்பாட்டும்போது காலை நீட்டிப் போட்டு, எண்ணெய் தடவி, வயிற்றை அழுத்தி நீவி, தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பது சில வீடுகளில் இன்னும் உண்டு. தொக்கு எடுக்கிறேன் என்றும் வருவார்கள். கட்டி கரைகிற வரை வயிற்றில் யாருடைய கையும் அழுந்தக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லத் துடைத்தால் போதும். உரை மருந்தும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும். இரண்டாவது, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, உள்ளங்கால் வெளுத்தாலோ, வயிறு உப்பினாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ, சிறுநீர் சிவப்பாகப் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்: வாக்குவம் வைத்ததால்தானே இப்படி? பெரிய குழந்தை, கஷ்டமான பிரசவம் என்பதற்குப் பங்கு இருக்கலாம். ஆனால் சுகப்பிரசவக் குழந்தைக்கும் இது வருகிறது, சிசேரியன் குழந்தைக்கும் வருகிறது, கருவிலேயே கசிந்து பிறப்பதற்கு முன் ஸ்கேனில் தெரிந்த குழந்தைகளும் உண்டு. தலை இறங்கி, குழந்தையின் இதயத் துடிப்பு குறையும் நேரத்தில் வாக்குவம் வைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். முக்கியமாக, உங்கள் தங்கையின் காதில் "நீ சரியாக முக்கவில்லை" என்ற பேச்சு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் செய்த எதனாலும் இது வரவில்லை. பால் கொடுக்கிற பெண்ணுக்கு இந்த நேரத்தில் அந்தச் சொல் தாங்காது.

அடுத்த ஸ்கேன் ஒன்றிரண்டு வாரத்தில் இருக்கும், பிறகு மாதம் ஒன்று வீதம், முழுதாக மறையும் வரை. சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். முடிந்தவரை ஒரே ஸ்கேன் சென்டரில், அதே மருத்துவரிடம் எடுங்கள், பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசியில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி மட்டும் மிஞ்சி வருடக்கணக்கில் எக்ஸ்ரேயில் தெரியலாம், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. புது ரிப்போர்ட் வந்ததும் மூன்று அளவுகளையும், இடது சுரப்பி பற்றி எழுதியிருப்பதையும், அன்றைய ஹீமோகுளோபினையும் இங்கே எழுதுங்கள். 19 மில்லி எவ்வளவு ஆகியிருக்கிறது என்று சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.